குண்டுக்கு ஓர் உத்தரவாதம்

இன்று காலை எக்ஸ்ரே எடுக்கிற பெண் ஒருத்தி அறைக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஓடி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கேன் சென்டர். மாடிப்படியில் வழுக்கி விழுந்த என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்ததால், தொடையில் ஆரம்பித்து கீழே வரைக்கும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. "ஆன்ட்டி, அங்கிளுக்குள்ள புல்லட் இருக்குது! உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான்தான் சுட்டேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

"தெரியும்மா. அது என் சக்களத்தி. எனக்கு முன்னாடியே அவர்கூட இருக்கிறவ" என்றேன்.

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பையில் கையை விட்டுப் போனை எடுத்தேன். உன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அழுத்தப் போகும்போதுதான் நினைவு வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்ல கதையைக் கேட்க ஆள் இல்லாமல் எங்கேயடி போய்த் தொலைந்தாய்? சக்களத்தி என்று அதற்குப் பேர் வைத்தவளே நீதானே.

உனக்கும் எனக்கும் கல்லூரியில் ஒரே பெஞ்சு, ஒரே வேதியியல், ஒரே டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் என்னுடையது, சாப்பிட்டது நீ. படிப்பு முடிந்ததும் நான் தபால் ஆபீசில் சேர்ந்தேன். நீ சென்னையில் தடய அறிவியல் ஆய்வகத்தில், துப்பாக்கிப் பிரிவில் சேர்ந்தாய். ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து, அப்புறம் ரயில் பிடித்து, தினமும் போய் வந்தாய். பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டால் உன் அம்மா 'கவர்மென்ட் உத்தியோகம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நீதான் நிறுத்த மாட்டாய். "தண்ணித் தொட்டியில குண்டு சுடுவோம் ஆன்ட்டி. அப்புறம் அதை எடுத்துத் தொடைச்சு பூதக்கண்ணாடியில பாப்போம்" என்று கோவில் வாசலில் பூ வாங்குகிறவர்களிடம்கூடச் சொல்வாய். உன் அம்மா ஜெபமாலையை எடுத்துவிடுவார்.

உன்னோடு சினிமாவுக்குப் போவது ஒரு தண்டனை. இதை நீ உயிரோடு இருக்கும்போதே நூறு தடவை சொல்லியாகிவிட்டது. கதாநாயகன் சுடுவான். வில்லன் பத்தடி தூரம் பறந்துபோய்க் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுவான். தியேட்டரே விசிலடிக்கும். நீ மட்டும் கைகொட்டிச் சிரிப்பாய்.

"அவன் அவ்வளோ தூரம் பறந்தா சுட்டவனும் இந்தப் பக்கம் பறக்கணும்டி. துப்பாக்கி அவன் தோளுக்குக் குடுக்கிற உதையைவிடப் பெரிய உதையைக் குண்டு எங்க இருந்து கொண்டாரும்? குண்டு பட்டவன் நின்ன இடத்துலயே உக்காருவான். சில பேரு பட்டதே தெரியாம இன்னும் நாலு எட்டு நடந்துக்கினு இருப்பான்."

முன் வரிசைக்காரர் திரும்பி, "ஏம்மா, காசு குடுத்துட்டு வந்து உக்காந்துகினு இருக்கோம்" என்பார். நீ மன்னிப்புக் கேட்பாய். அடுத்த காட்சியில் கதாநாயகன் தண்ணீரில் குதித்து மூழ்கித் தப்பிப்பான். அவனைச் சுற்றிக் குண்டுகள் தண்ணீருக்குள் கோடு கோடாய்ப் பாயும். உனக்கு மறுபடியும் வாய் அரிக்கும். வேகமாகப் போகிற ரைபிள் குண்டு இன்னும் தூரம் போகும் என்றுதானே எல்லாரும் நினைப்போம், தண்ணீரில் அதுதான் சீக்கிரம் சிதறி நின்றுவிடும், மெதுவாக வருகிற பிஸ்டல் குண்டு அதைவிட ஆழம் போகும் என்று என் காதில் கிசுகிசுப்பாய். அதைத் தினமும் தொட்டியில் பார்க்கிறவள் நீ. "நம்ம ஊர்ல சுட்டா ஒளியறதுக்குப் பாலாத்துல முதல்ல தண்ணி வேணும்" என்று நான் சொல்ல, நாம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டார்ச் அடித்துக்கொண்டு ஆள் வந்துவிட்டான்.

உனக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல், கத்தியை நெருப்பில் காய்ச்சிக் குண்டை நோண்டி எடுக்கிற காட்சி. குண்டு தட்டில் 'டங்' என்று விழும், கதாநாயகன் கண்ணைத் திறப்பான். "குண்டு நின்னுடுச்சுன்னா அதோட வேலை முடிஞ்சுதுடி. அது போன வழியிலதான் எல்லாக் கஷ்டமும். அத விட்டுட்டு கத்திய விட்டு நோண்டுறானே, பாவி, அதுலயே அவன் சாவான்" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாய். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நான் அப்போது நினைத்தேன். என் கல்யாணமே இதில்தான் நிற்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

தயாளனின் ஜாதகம் ஏனாத்தூரிலிருந்து வந்தது. விவசாயக் குடும்பம், துணை ராணுவத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு முடித்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், தேதி பேசலாம் என்று என் அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்கப்போகிற சமயத்தில் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் சொல்லிடணும். என் தொடையில ஒரு குண்டு இருக்குது."

பஜ்ஜி சாப்பிட்ட கையோடு இதைச் சொன்ன ஒரே மாப்பிள்ளை உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். துப்பாக்கிப் பயிற்சி நடந்தபோது, யாரோ சுட்ட பிஸ்டல் குண்டு இலக்கு மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்து அவர் தொடையில் ஏறிவிட்டது. டாக்டர்கள் பார்த்துவிட்டு, எடுப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மறைத்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொன்னார், அந்த நிமிஷமே இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்துவிட்டேன். உண்மை சொன்னதற்காக ஒரு மனுஷனை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதுதான் என் ஒரே கட்சி.

ஆனால் முடிவு என் கையில் இல்லையே. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எதுவானாலும் சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிற என் தாய்மாமா தலையசைத்தால்தான் நடக்கும். ஜரிகை வியாபாரம் செய்கிறவர். ஒரு பார்வை பார்த்து, ஒரு இழையைக் கல்லில் உரசி, நல்ல ஜரிகையா, போலியா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை மனுஷர்கள் மேலும் வைப்பார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு இரண்டு சந்தேகங்கள் வந்தன. ஒன்று, குண்டு கதையே பொய். குண்டு பட்டவன் தூக்கி எறியப்பட்டிருப்பான், இவன் என்னடாவென்றால் தானே நடந்துபோய் வண்டியில் ஏறினேன் என்கிறான். அதோடு குண்டென்றால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும், இவனுக்கோ ஒரு பக்கம்தான் தழும்பு, அதுவும் ஒரு பொத்தான் அளவுக்கு. இரண்டாவது சந்தேகம், குண்டு இருப்பது உண்மையென்றால் அது ரத்தத்தோடு ஊர்ந்து ஊர்ந்து ஒருநாள் இதயத்துக்குப் போய்விடும், பெண் தாலியறுப்பாள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதே என்பது மாமாவுக்குத் தோன்றவே இல்லை. என் அம்மா இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

"எக்ஸ்ரே இருக்குதே மாமா" என்றேன் நான்.

"எக்ஸ்ரேவுல மூஞ்சியா தெரியுது? யாரு தொடையோ" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தயாளனையும் அவர் அப்பாவையும் மாமா தன் வீட்டுக்கு வரச்சொன்னார். நான் உன்னைத் துணைக்குக் கூப்பிட்டேன். நீ வந்தாய், வந்ததும் மாமி கொடுத்த முறுக்கோடு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டாய். கதவு இடுக்கு வழியாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் தறியை ஒட்டி ஒரு பெஞ்சு. மாமா தயாளனை அதில் படுக்கச் சொன்னார். அவர் மறுபேச்சு இல்லாமல் படுத்தார். மாமா ஆணியில் மாட்டியிருந்த காந்தத்தை எடுத்தார்.

அந்தக் காந்தம் உனக்கு நினைவிருக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய கறுப்பு வட்டம், நடு ஓட்டையில் கயிறு கட்டியிருக்கும். தறிக்குழியில் ஊசி விழுந்தால், ஆணி விழுந்தால் கயிற்றோடு இறக்கித் துழாவி எடுப்பார்கள். அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள்கூட இரவல் வாங்கிப் போவார்கள். குழிக்குள் எந்த உலோகம் விழுந்தாலும் கண்டுபிடித்துத் தரும் என்று மாமாவுக்கு அதன் மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

மாமா அதைத் தயாளனின் வேட்டிக்கு மேல் தொங்கவிட்டு, தொடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்தினார். காந்தம் அசையவே இல்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் நகர்த்தினார்.

"மாமா, கூசுது" என்றார் தயாளன்.

"கூசட்டும்" என்ற மாமா, கடைசியில் காந்தத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஒட்டல. உள்ள ஒண்ணும் இல்ல. பொய்."

தயாளனின் அப்பா எழுந்துவிட்டார். அதுவரை துண்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்த மனுஷர். "எழுந்துருடா தயாளா. உழுவுற மாட்ட தட்டிப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. குண்டு பட்டுகினு வந்தவனப் பொய்யன்னு சொல்ற வீட்ல நமக்கு இன்னா வேலை?" என்று வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். தயாளன் எழுந்து வேட்டியைச் சரி செய்தார். கதவு இடுக்கைப் பார்த்தார். நான் அங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார். முடிந்தது, போய்விட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயில் முறுக்கு, கண்ணில் தண்ணீர். என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கூடத்துக்குப் போனாய்.

"பெரியவரே, அந்த இன்னொரு காலை மட்டும் செருப்புல விடாம இருங்க. ரெண்டே நிமிஷம்" என்றாய். அவர் அப்படியே ஒற்றைச் செருப்போடு நின்றார். நீ பெஞ்சிலிருந்த காந்தத்தை எடுத்தாய். அலமாரியில் அடுக்கியிருந்த ஜரிகைக் கண்டுகளில் ஒன்றின் மேல் வைத்தாய். எடுத்தாய். இன்னொன்றின் மேல் வைத்தாய். எதுவும் ஒட்டவில்லை.

"மாமா, உங்க ஜரிகையும் பொய்யா?"

மாமாவின் ஜரிகையைப் பொய் என்று சொல்லிவிட்டு யாரும் அந்த வீட்டுப் படி இறங்கியதில்லை. அவர் முகம் சிவந்தது. "வெள்ளிக்குக் காந்தம் எப்படிம்மா ஒட்டும்? இரும்பா அது?"

"அப்போ ஈயத்துக்கும் செம்புக்கும் மட்டும் எப்படி மாமா ஒட்டும்? இவருக்குள்ள இருக்கிறது பிஸ்டல் குண்டு. உள்ள ஈயம், மேல செம்பு உறை. உங்க ஜரிகையில உள்ள பட்டு நூல், மேல வெள்ளி, அதுக்கு மேல தங்க முலாம் இல்லையா, அந்த மாதிரிதான்."

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். யோசித்தார். அவர் அடுத்துக் கேட்டதை நாம் எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்!

"இதுல எத்தினி ரகம்மா இருக்குது?"

வியாபாரியிடம் ரகத்தைச் சொன்னால் போதும், கோபம் போன இடம் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரிந்ததோ. பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாய். உறையே இல்லாத வெறும் ஈயம் ஒரு ரகம், அது மெத்து, பட்டதும் சப்பையாகிவிடும். முழுசாக உறை போட்டது ஒரு ரகம், அது சட்டென்று உருமாறாது, வேகம் இருந்தால் துளைத்துக்கொண்டு போய்விடும். மூக்கில் மட்டும் உறை இல்லாதது ஒன்று, அது உள்ளே போய் விரிந்து நின்றுவிடும். உள்ளே இரும்பு வைத்ததும் உண்டு, அதற்கு வேண்டுமானால் காந்தம் இழுக்கும், ஆனால் இவ்வளவு சதையைத் தாண்டி அதையும் தூக்கிவிடாது. ரப்பர் குண்டு என்றால் பந்து மாதிரி பட்டுத் தெறிக்கும், ஒன்றும் ஆகாது என்று நினைப்பார்கள், அதில் கண் போனவர்கள் கதை எல்லாம் சொன்னாய். எல்லாக் குண்டும் அந்தப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, இவருடையது இரும்பில் மோதிச் சப்பையாகி, பாதி வேகத்தைத் தொலைத்துவிட்டு வந்தது, தொடைச் சதையிலேயே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்றாய்.

"அப்படின்னா தூக்கி எறியாதா?" என்றார் மாமா, கொஞ்சம் ஏமாற்றமாக.

"எறியாது மாமா. எனக்கு யாரோ கல்லெடுத்து அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா ரத்தம்" என்றார் தயாளன். அன்று அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மாமா விட்டுக்கொடுக்கிற ஆளா? "எல்லாத்துக்கும் மேல, அந்த நேரத்துல நம்ம பட்டை நாலு மடிப்பு கட்டிகினு இருந்திருந்தா குண்டே உள்ள வந்திருக்காது. பட்டு குண்டைத் தடுக்கும், எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார்.

"நாலு மடிப்பு பத்தாது மாமா. நெருக்கமா நெய்த பட்டைக் கணக்கில்லாத மடிப்பா தெச்சு, அந்தக் காலத்து மெதுவான குண்டுக்குப் போட்டுகினு இருந்தாங்களாம். தாத்தா பாதி நிஜம்தான் சொல்லியிருக்காரு" என்று அவருக்கும் ஒரு பாதி மரியாதையைக் கொடுத்தாய். மாமா முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது.

ஆனால் இரண்டாவது சந்தேகம் இருந்ததே. அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எல்லாம் சரிம்மா. அது இதயத்துக்குப் போயிடுச்சுன்னா?"

இதற்கு நீ சிரிக்கவில்லை. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது. "காந்தம் சொன்னபடி குண்டே இல்லன்னா அது எங்கம்மா போகும்?" என்று மாமாவை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாய். ரத்தக் குழாய்க்குள் விழுந்த குண்டு நகர்ந்த கதை எங்கேயாவது ஒன்றிரண்டு உண்டு, மூட்டுக்குள் இருந்தால் ஈயம் விஷமாகலாம், அது நிஜமான பயம், அப்படி இருந்தால் டாக்டர்களே எடுத்திருப்பார்கள் என்றாய். இவருடையது நடுச்சதையில் இருக்கிறது. உடம்பு தானே அதைச் சுற்றி ஒரு உறை கட்டி அங்கேயே உட்கார வைத்துவிடும். எடுக்கிறேன் என்று நோண்டினால்தான் ஆபத்து. டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததை நீ முழுசாக வாங்கிப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"உறைக்கு மேல உறை" என்று மாமா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வியாபாரி முகத்தோடு நிமிர்ந்தார். "நான் விக்கிற ஜரிகைக்கு நான் உத்தரவாதம் குடுக்கிறேன். இந்தக் குண்டுக்கு நீ குடுப்பியா?"

மாமாவின் உத்தரவாதம் ஊருக்கே தெரியும். எழுத்து கிடையாது, பேச்சும் கிடையாது. விற்ற ஜரிகையில் ஒரு இழையைக் கிள்ளி, வாங்கியவர் விரலில் சுற்றிவிடுவார். கறுத்துப்போனால் அந்த இழையைக் கொண்டுவந்து காட்டினால் போதும், மொத்தத்தையும் மாற்றித் தருவார். வருஷக்கணக்கில் கறுக்காமல் இருந்தால், சிலர் அந்த இழையைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பார்கள். வாக்கு நின்றது என்று அர்த்தம். அப்படித் திரும்பி வந்த இழைகளை ஒரு டப்பாவில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கண்டிலிருந்து ஒரு இழையைக் கிள்ளினாய். மாமாவின் விரலைப் பிடித்து அதில் சுற்றினாய். "குடுக்கிறேன் மாமா. அந்தக் குண்டு இருக்கிற இடத்தை விட்டு நகராது. எத்தினி வருஷம் கழிச்சு வேணா படம் எடுத்துப் பாருங்க. நகர்ந்தா இந்த இழையோட வந்து என்னைக் கேளுங்க."

மாமா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "சம்பந்தி, அந்தச் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. காபி ஆறுது" என்றார்.

கல்யாணத்தன்று அவர் தயாளனுக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தியபோது, நாலு மடிப்பாக மடித்துத்தான் போர்த்தினார். நீ பந்தியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அதன்பிறகு நீ எப்போது போன் செய்தாலும் என்னை விசாரித்ததே கிடையாது. "இன்னாடி, உன் சக்களத்தி எப்படி இருக்குறா?" என்பாய். மழைக்காலத்தில் அவருக்குத் தொடை கொஞ்சம் குடைந்தால், "கோவிச்சுகினு இருக்குறா, விடு" என்பாய். விமான நிலையத்தில் அவர் உள்ளே போனதும் மெஷின் கத்தி, அவரை ஓரமாக நிற்கவைத்துத் தடவித் தடவிப் பார்த்தபோது, அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "மாமாகிட்ட சொல்லு, அவரோட காந்தத்தைவிட இது நல்ல மெஷின்னு" என்றாய். சொன்னேன். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் அதையேதான் கேட்டாய். குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. "நல்லா இருக்குறா. உன்னைக் கேட்டா" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்காக வைத்துவிட்டுத்தான் போனாய் என்று நான் நினைத்துக்கொள்கிறேன், நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். முழங்காலில் எலும்பு ஒன்றும் உடையவில்லை, சுளுக்குதான். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய எக்ஸ்ரேவை எடுத்தேன். ஒரே ரசகற்பூர வாசனை. புதியதையும் பழையதையும் சேர்த்துப் பிடித்து ஜன்னலில் வெளிச்சத்துக்குக் காட்டினேன். எலும்புக்கு இவ்வளவு தள்ளி, இதே சாய்வில், இதே சப்பை மூக்கோடு. அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "எனக்குத்தான் வயசாயிடுச்சு, அதுக்கு ஆவல" என்றார்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். உத்தரவாதம் வாங்கியவர் அவர்தானே. மாமாவுக்கு வயசாகிவிட்டது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். சில நாள் என்னை என் அம்மா என்று நினைத்துப் பேசுவார், சில நாள் எல்லாம் தெளிவாக இருக்கும். இன்றைக்கு இரண்டும் கலந்திருந்தது. படங்களை வாங்கி, ஜரிகையைப் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒன்றை இறக்கி, இன்னொன்றை ஏற்றி, நிதானமாகப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் சாமி படத்துக்குக் கீழேயிருந்த டப்பாவை எடுத்து வந்தார். அடியில் கைவிட்டுக் காகிதத்தில் மடித்த ஒன்றைத் தேடி எடுத்துப் பிரித்தார்.

நீ கிள்ளிய இழை. கறுக்கவே இல்லை.

"நகரல. வாக்கு நின்னுது" என்றார். என் கையைப் பிடித்து உள்ளங்கையில் அதை வைத்து மூடினார். "அந்தத் துப்பாக்கிப் பொண்ணு வீட்டுக்குப் போவ இல்ல? அதுகிட்ட இதைத் திருப்பிக் குடுத்துடு. நான் குடுத்ததா சொல்லு. தப்பா சொல்லிட்டேன்னு அன்னிக்கு நான் சொல்லவே இல்ல, அதையும் சேத்துச் சொல்லிடு."

உன் அடக்கத்துக்கு மாமா வந்திருந்தார். ஓரிக்கையில் அந்த வெயிலில் கடைசிவரை நின்றார். இன்றைக்கு அது அவருக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. "சரி மாமா, சொல்லிடறேன்" என்றேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாமா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இழையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதைக்கு என் விரலில் சுற்றியிருக்கிறேன், பேனா பிடிக்கும்போது லேசாக உறுத்துகிறது. பக்கத்து அறையில் அவர் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார். யாரோ யாரையோ சுடுகிறார்கள், யாரோ பறந்துபோய் விழுகிறார்கள். "பொய்!" என்று இங்கிருந்தே கத்தினேன். அவர் அங்கிருந்து சிரிக்கிறார்.

என் சக்களத்தி நன்றாக இருக்கிறாள். வைத்த இடத்திலேயே இருக்கிறாள்.